ஸனா மக்கி: அளவோடு இருந்தால்தான் மருந்து

(சிதம்பரத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கடலூர் முதுநகர், நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, புவனகிரி, லால்பேட்டை என்று பல ஊர்களிலிருந்தும் குடும்பத்தோடு வந்திருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ். கல்வி உதவி, திருமண உதவி பற்றியெல்லாம் வழக்கமாக இங்கே பேசுவோம். இன்று ஒரு காய்ந்த இலையைப் பற்றிப் பேசப்போகிறோம். ஸனா மக்கி என்றும், சன்னா மக்கி என்றும் நாம் சொல்கிற இலை. நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரை என்று கேட்டால் தருவார்கள். இங்கே வந்திருக்கிறவர்களில் பல வீடுகளில் அடுப்பங்கரை அலமாரியில் இந்தப் பொடி ஒரு டப்பாவில் இருக்கும்.

அந்த டப்பாக்களில் சில நாங்கள் கொடுத்தவை. அதனால்தான் இந்தப் பேச்சு.

சென்ற நோன்புக்கு முன்னால், நோன்பில் மலச்சிக்கலால் பெரியவர்கள் சிரமப்படுகிறார்கள் என்று நம் அறக்கட்டளையில் பேச்சு வந்தது. நல்ல எண்ணத்தோடு ஸனா இலையை வாங்கி, இடித்துச் சலித்து, பொட்டலம் போட்டுப் பல வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தோம். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு துண்டுச் சீட்டு வைத்தோம். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் இதில் நிவாரணம் உண்டு, தினமும் இரவில் இரண்டு ஸ்பூன் வெந்நீரில் சாப்பிடவும் என்று அதில் அச்சிட்டோம். இரண்டு ஸ்பூன் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எங்களில் ஒருவர் எங்கோ படித்ததை எழுதினார், மற்றவர்கள் தலையாட்டினோம். ஒரு மருத்துவரிடமும் கேட்கவில்லை. எத்தனை நாள் சாப்பிட வேண்டும், யார் சாப்பிடக் கூடாது என்று ஒரு வரிகூட அந்தச் சீட்டில் இல்லை.

நம் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு மூதாட்டி. அவர்களுடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். அறுபத்தெட்டு வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அதில் ஒன்று, சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் நீர் மாத்திரை. நாங்கள் கொடுத்த பொடியைச் சாப்பிட்டதும் வயிறு லேசானது. சந்தோஷப்பட்டார்கள். நோன்பு முடிந்தது, பெருநாள் முடிந்தது, பொட்டலமும் தீர்ந்தது. மகன் கடையில் மீண்டும் வாங்கிக் கொடுத்தார். எட்டு மாதம் ஒரு இரவுகூட விடவில்லை.

மெல்ல மெல்லக் கால்களில் பலம் குறைந்தது. சஜ்தாவிலிருந்து எழ முடியவில்லை. வயதாகிவிட்டது என்று நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தார்கள். ஒருநாள் பஜ்ருக்கு உளூச் செய்யும்போது கீழே விழுந்துவிட்டார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், இரத்தத்தில் பொட்டாசியம் இயல்புக்கு வெகு கீழே இருந்தது. இதயத் துடிப்பும் சீராக இல்லை. மருமகள் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக் காட்டினார். "வேறு ஏதாவது சாப்பிடுகிறார்களா?" என்று டாக்டர் கேட்டார். "வேற ஒண்ணும் இல்லைங்க" என்று வீட்டார் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. இலைப்பொடியை அவர்கள் மருந்தாகவே நினைக்கவில்லை.

மூன்றாவது நாள் கொஞ்சம் தெளிந்ததும் அந்த அம்மாவே மருமகளிடம், "என் இலைப்பொடியை எடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டார்கள். அப்போது பக்கத்தில் இருந்த நர்ஸ் காதில் விழுந்தது. அதன் பிறகுதான் காரணம் புரிந்தது. அல்லாஹ்வின் கிருபையால் இன்று நலமாக இருக்கிறார்கள். பார்க்கப் போனபோது எங்களைத் திட்டவில்லை. "நீங்க கொடுத்ததாச்சே, சுன்னத்தாச்சேன்னு சாப்பிட்டேன் வாப்பா" என்று மட்டும் சொன்னார்கள். திட்டியிருந்தால் எங்களுக்கு இதைவிட லேசாக இருந்திருக்கும்.

ஆகவே இந்த இலையைப் பற்றி இப்போதாவது முறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். சித்த மருத்துவர், யூனானி மருத்துவர், ஆங்கில மருத்துவர், மார்க்க அறிஞர்கள் எல்லோரிடமும் கேட்டோம். தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்கிறோம்.

இது என்ன செடி?

இடுப்பளவு, மார்பளவு உயரம் வளர்கிற சிறு செடி. மஞ்சள் பூ பூக்கும். நம் ஊர்ப் பக்கம் ரோட்டோரத்தில் பூத்துக் கிடக்கும் ஆவாரைக்கு இது நெருங்கிய சொந்தம். அரபு நாட்டிலும் சூடான், எகிப்துப் பக்கமும் இயற்கையாக வளர்வது. அரபியில் ஸனா என்ற பெயரிலிருந்துதான் ஆங்கிலத்தில் சென்னா என்ற பெயரே வந்தது. மக்காவின் பெயரைச் சேர்த்து ஸனா மக்கி என்கிறோம்.

பெயர் மக்கியாக இருந்தாலும், நாம் வாங்கும் இலை பெரும்பாலும் நம் தமிழ்நாட்டிலேயே விளைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திருநெல்வேலிச் சீமையில் இதைப் பயிர் செய்கிறார்கள். தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும். இலையைப் பறித்து, பச்சை நிறம் போகாமல் நிழலில் உலர்த்தி, மூட்டை கட்டித் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பிய மருந்து நூல்கள் இரண்டு வகை ஸனாவைச் சொல்லும். ஒன்று அலெக்சாந்திரியா ஸனா, இன்னொன்று டின்னவெலி சென்னா. டின்னவெலி என்பது நம் திருநெல்வேலிதான். இன்றும் உலகச் சந்தைக்கு இந்த இலையைத் தரும் நாடுகளில் இந்தியா முன்னணியில் இருக்கிறது.

பெயரில் ஒரு எச்சரிக்கை. சித்த மருத்துவ நூல்களில் இதற்கு நிலவாகை என்று பெயர். தென் மாவட்டங்களில் சிலர் இதையே அவுரி என்றும் சொல்வார்கள். ஆனால் நீலச்சாயம் எடுக்கிற அவுரி முற்றிலும் வேறு செடி. கடையில் வாங்கும்போது நிலாவாரை அல்லது ஸனா என்று தெளிவாகக் கேட்டு, பொடியாக வாங்காமல் முழு இலையாக வாங்குங்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஹதீஸ் என்ன சொல்கிறது?

ஸனாவையும் ஸன்னூத்தையும் பயன்படுத்துங்கள், மரணத்தைத் தவிர ஒவ்வொரு நோய்க்கும் அவற்றில் நிவாரணம் உண்டு என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் வருகிறது. நாங்கள் சீட்டில் எழுதியது அதன் ஒரு பாதியை. ஸன்னூத் என்பதை விட்டுவிட்டோம். ஸன்னூத் என்றால் சதகுப்பை என்று சிலரும், நெய்ப் பையில் வைத்த தேன் என்று சிலரும் விளக்கம் சொல்கிறார்கள். எதுவானாலும், இலையோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. தனி இலையைச் சாப்பிட்டால் வயிற்றை முறுக்கும். வயிற்று வலியைத் தணிக்கும் ஒன்றைக் கூடவே சேர்ப்பது எல்லா மருத்துவ முறைகளிலும் உள்ள வழக்கம்.

இரண்டாவது ஹதீஸ் திர்மிதியில் வருகிறது. அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம், பேதிக்கு எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். ஷுப்ரும் என்று அவர்கள் பதில் சொல்கிறார்கள். ஷுப்ரும் என்பது மிகக் கடுமையாகப் பேதியாக்கும் ஒரு செடி. அது உஷ்ணமானது, கடுமையானது என்று நபியவர்கள் சொல்கிறார்கள். அதன் பிறகு அஸ்மா (ரலி) ஸனாவுக்கு மாறுகிறார்கள். மரணத்துக்கு ஒரு மருந்து இருக்குமானால் அது ஸனாவாக இருந்திருக்கும் என்ற புகழுரை அந்த இடத்தில்தான் வருகிறது.

இந்த ஹதீஸ்களின் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு. அதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நாம் கவனிக்க வேண்டியது, அங்கே நடந்த உரையாடலை. நபியவர்கள் முதலில் கேட்டது, நீ என்ன சாப்பிடுகிறாய் என்று. பிறகு அந்த மருந்தின் கடுமையைப் பற்றிப் பேசினார்கள். கடுமையான மருந்தை விட்டு மென்மையான மருந்துக்கு அந்தப் பெண்மணி மாறினார்கள். பேச்சு முழுவதும் பேதி மருந்தைப் பற்றியது. தேவை வரும்போது சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிடச் சொல்லி அதில் எங்கும் இல்லை. உடம்பைக் கடுமையிலிருந்து காப்பாற்றச் சொன்ன செய்தியை எடுத்து, இரண்டு ஸ்பூன் வீதம் எட்டு மாதம் ஒரு தாயின் உடம்பின் மேல் கடுமையை ஏற்றினோம்.

ஒவ்வொரு நோய்க்கும் என்ற சொல்லைப் பற்றியும் ஆலிம்களிடம் கேட்டோம். கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸிலும் இதே போன்ற சொல் வருகிறது. அது பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அந்த மருந்து எந்த நோய்களுக்குப் பொருந்துமோ அவற்றைத்தான் குறிக்கும் என்று இமாம் கத்தாபி போன்ற பழைய விரிவுரையாளர்களே எழுதியிருக்கிறார்கள் என்று விளக்கினார்கள்.

ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) நோயுற்றபோது, மருத்துவம் தெரிந்த ஹாரிஸ் பின் கலதாவிடம் போகும்படி நபியவர்கள் சொன்ன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்கிறவர், அதனால் வரும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்துடைய ஹதீஸும் அதே நூலில் இருக்கிறது. அந்த இரண்டாவது ஹதீஸைப் படித்த இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

உடம்புக்குள் என்ன செய்கிறது?

ஸனா இலையில் செனோசைடு என்ற சத்து இருக்கிறது. அது இரைப்பையிலும் சிறுகுடலிலும் வேலை செய்யாது. பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்கே இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து மாற்றுகின்றன. அப்படி மாறிய பொருள் குடலைத் தூண்டி அசைய வைக்கிறது. குடல் நீரை உறிஞ்சிக்கொள்வதையும் குறைக்கிறது. மலம் இளகி வெளியேறுகிறது. இதற்கு ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் இரவில் படுக்கப் போகும்போது கொடுப்பது வழக்கம், காலையில் வேலை செய்யும். சிறுநீர் கொஞ்சம் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ போகலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், இலையின் நிறம்தான்.

நல்ல மருந்து என்பதில் சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே ஸனா இடம்பெற்றிருக்கிறது. பாட்டி வைத்தியம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மருந்து என்றாலே அளவும் காலமும் உண்டு.

காய்ந்த இலை, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு கிராம்தான். தலைதட்டிய ஒரு தேக்கரண்டிப் பொடியே ஏறத்தாழ அந்த அளவுக்கு வந்துவிடும். நாங்கள் எழுதியது இரண்டு ஸ்பூன். நம் வீடுகளில் ஸ்பூன் என்றால் குவித்துத்தான் அள்ளுவோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலமும் அப்படித்தான். சில நாள் சாப்பிடலாம். ஒரு வாரத்தைத் தாண்டியும் தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்திருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் சூரணத்துக்குத் திரிகடி என்று ஓர் அளவு உண்டு. மூன்று விரல் நுனியால் அள்ளுகிற அளவு. ஐந்து விரலாலும் அள்ளினால் அது வெருகடி. நிலவாகைச் சூரணம் என்ற மருந்தில் இலையைத் தனியாகக் கொடுப்பதில்லை. வயிற்றை முறுக்காமல் இருக்கச் சுக்கு, மிளகு, ஓமம் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். யூனானி மருத்துவத்தில் பேதி கொடுப்பதற்கு முன்பு முன்ளிஜ் என்ற மருந்தைச் சில நாள் கொடுத்து உடம்பைப் பக்குவப்படுத்துவார்கள். அதன் பிறகே முஸ்ஹில் என்ற பேதி மருந்து. ஸனாவின் கடுமையைக் குறைக்க ரோஜா இதழையும் வாதுமை எண்ணெயையும் சேர்ப்பார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, வெறும் இலையை இடித்துக் குவித்து அள்ளுவது எந்த வைத்தியமும் சொல்லாத வைத்தியம்.

தினமும் சாப்பிட்டால் என்ன ஆகும்?

முதல் கேடு, தண்ணீரோடு சேர்ந்து பொட்டாசியமும் வெளியே போய்விடுகிறது. தசை இயங்கவும் இதயம் சீராகத் துடிக்கவும் பொட்டாசியம் வேண்டும். நீர் மாத்திரைகளில் பலவும் அதைத்தான் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. இரண்டும் சேர்ந்தால் ஒரே தொட்டியில் இரண்டு ஓட்டை விழுந்தது போல. அந்த அம்மாவுக்குக் கால் பலம் போனதற்கும் இதயத் துடிப்பு தடுமாறியதற்கும் இதுதான் காரணம். இதய நோய்க்கு டிகாக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

இரண்டாவது கேடு, நோய் மறைந்து போவது. ஐம்பது வயதைத் தாண்டியவருக்குத் திடீரென்று மலம் கழிக்கும் வழக்கம் மாறினால் குடலில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். தைராய்டு குறைவாலும் மலச்சிக்கல் வரும். சர்க்கரை நோயாலும் வரும். இரும்புச் சத்து மாத்திரையாலும், சில வலி மாத்திரைகளாலும் வரும். பொடியைச் சாப்பிட்டுத் தள்ளிக்கொண்டே இருந்தால் காரணம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

இவர்கள் தாங்களாக ஸனா சாப்பிடவே கூடாது: கர்ப்பிணிகள், பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், சிறுநீரக நோயாளிகள், இதய நோயாளிகள், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குடல் புண், குடல் அழற்சி உள்ளவர்கள். பாலூட்டும் தாய்மார்களும் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். காரணம் தெரியாத வயிற்று வலி இருக்கும்போது யாருமே சாப்பிடக் கூடாது. குடல்வால் அழற்சியாக இருந்தாலோ, குடல் அடைத்திருந்தாலோ பேதி மருந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இந்த மயக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை. 2020-இல் கொரோனா பரவியபோது, ஸனா மக்கிக் கஷாயம் கொரோனாவைக் குணமாக்கும் என்று பாகிஸ்தானில் ஒரு செய்தி பரவியது. நாட்டு மருந்துக் கடைகளில் கூட்டம் முண்டியடித்தது, விலை பல மடங்கு ஏறியது. இதனால் கொரோனா குணமாவதற்கு ஆதாரம் இல்லை, பேதியாகி உடம்பில் நீர் வற்றிப் போகும் என்று அங்குள்ள மருத்துவர்கள் எச்சரிக்க வேண்டி வந்தது. காய்ச்சலில் ஏற்கெனவே தளர்ந்த உடம்புக்குப் பேதியும் கொடுத்தால் என்ன ஆகும்?

இளம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. உடல் எடையைக் குறைக்கும் என்று விற்கிற ஸ்லிம் டீ பலவற்றில் இருப்பது இதே ஸனா இலைதான். நிக்காஹுக்கு நாள் குறித்தவுடன் சிலர் அதைக் குடிக்க ஆரம்பிக்கிறார்கள். தராசில் குறைகிற எடை தண்ணீரின் எடை. கொழுப்பு அப்படியே இருக்கும். இரண்டு நாள் விட்டால் எடை திரும்பி வந்துவிடும், களைப்பு மட்டும் மிஞ்சும். டப்பாவின் பின்பக்கம் சென்னா என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மலச்சிக்கலுக்கு வேறு என்ன செய்வது?

முதலில் தண்ணீர். நோன்புக் காலத்தில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக நிறையக் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்துவிட்டுப் படுத்தால் பயன் குறைவு. இரண்டாவது, நம் தட்டு. மீனும் கறியும் பரோட்டாவும் இருக்கும் அளவுக்கு நம் வீடுகளில் கீரையும் காயும் இருப்பதில்லை. வாரத்தில் நான்கு நாளாவது கீரை வையுங்கள். கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் எல்லாம் நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. பேரீச்சம்பழமும் ஊறவைத்த உலர்திராட்சையும் நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, நடை. பள்ளிவாசலுக்கு வண்டியில் போகிறவர்கள் ஒரு வேளையாவது நடந்து போகலாம். நான்காவது, மலம் வரும்போது அடக்காதீர்கள். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை சரியில்லை என்று நம் பெண்கள் மணிக்கணக்கில் அடக்கிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகளும் அப்படித்தான்.

இவ்வளவு செய்தும் சரியாகவில்லை என்றால் இசப்கோல் போன்ற நார்ச்சத்தை நிறையத் தண்ணீரோடு சாப்பிடலாம். சிறுநீரகம், இதயக் கோளாறால் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் இதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். அதற்கும் மேலே தேவைப்பட்டால்தான் ஸனா, அதுவும் சில நாளைக்கு. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாந்தி, காற்றுகூடப் பிரியாமல் வயிறு உப்புவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போன கூட்டத்தில் ஒரு சகோதரி, ஐரோப்பாவில் இருக்கும் மகள் கொடுத்தனுப்பியது என்று ஒரு பொட்டலத்தைக் காட்டினார்கள். குதிரைச் செஸ்நட் என்ற மரத்தின் காய்ந்த இலை. கால் நரம்பு புடைப்புக்கும் வீக்கத்துக்கும் கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அது பால்கன் நாட்டு மரம். துருக்கியர் இதன் கொட்டையை இருமல் வந்த குதிரைகளுக்குக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கிராமத்து மக்கள் இலையை இருமலுக்கும் மூட்டுவலிக்கும் கால் வீக்கத்துக்கும் கஷாயமாகக் குடித்திருக்கிறார்கள். ஆனால் இன்று கால் நரம்புக்கு ஆராய்ந்து பார்த்து விற்பது, விதையிலிருந்து நச்சுப் பொருளை நீக்கி எடுத்த சாறு. பச்சை விதையிலும் இலையிலும் பட்டையிலும் எஸ்குலின் என்ற நச்சு உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆகவே ஆகாது. அந்தச் சகோதரியின் வீட்டுக்காரர் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்த மாத்திரைதான் சாப்பிடுகிறார். பொட்டலத்தைப் பிரிக்காமல் கேட்டார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. திருநெல்வேலி இலையானாலும் ஐரோப்பிய இலையானாலும் செய்ய வேண்டியது அதுதான்: குடிப்பதற்கு முன்பு கேட்பது.

யாரிடம் கேட்பது? அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்த மருத்துவப் பிரிவுகளில் கேட்கலாம். உங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேட்கலாம். கேட்டால் திட்டுவார்கள் என்று பயப்படாதீர்கள். திட்டினாலும் பரவாயில்லை, மறைக்காதீர்கள். டாக்டர் "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் இலை, பொடி, கஷாயம், லேகியம், டீ எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் மாமியாருக்கு, மாமனாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் மருமகள்களே, பிள்ளைகளே, அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரை அட்டையோடு அந்த டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எங்கள் கடமை. நாங்கள் கொடுத்த பொட்டலம் இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பொடியைத் தொடர்ந்து சாப்பிட்டு வருகிறவர்கள் இன்றே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் போய் இரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பரிசோதனைச் செலவை நம் அறக்கட்டளை ஏற்கும். நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு நிறுத்தியவுடன் சில நாள் மலச்சிக்கல் அதிகமாகத் தெரியும். அதற்காக மீண்டும் டப்பாவைத் திறக்காமல், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இனிமேல் மருத்துவர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ளாத எந்த மருந்தையும், இலையானாலும் மாத்திரையானாலும், நாங்கள் விநியோகிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டோம். மன்னித்துவிட்டார்கள். நாற்காலியை விட்டுவிட்டு மறுபடியும் தரையில் சஜ்தா செய்து தொழுகிறார்கள் என்று மருமகள் போன வாரம் சொன்னார். எங்கள் சீட்டை நம்பிச் சாப்பிட்டு, எங்களிடம் சொல்லாமல் சிரமப்பட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களிடமும் இந்த மேடையிலிருந்து மன்னிப்புக் கேட்கிறோம். கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் குணத்திலிருந்து எங்களைக் காப்பாயாக. எங்கள் பெரியவர்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த ஆரோக்கியத்தையும் தருவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.